சுவரிலே ஓர் அழுக்குக் கோடு!

ஆர்.எஸ்.புரத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்து வீட்டில் டைல்ஸ் லாரி வந்து நின்றால் போதும், நம் வீட்டுச் சிகப்பு சிமெண்ட் தரை திடீரென்று அசிங்கமாகத் தெரியும். போன வருஷம் எனக்கும் வந்தது. கையில் சீட்டு எடுத்த பணம் வேறு!

என் பிளான் ரொம்ப சிம்பிள். ஹாலுக்கும் பக்கத்து ரூமுக்கும் நடுவிலுள்ள சுவரை இடிப்பது. மேற்கு ஜன்னலை அடைத்து டி.வி. யூனிட், மேலே ஃபால்ஸ் சீலிங். பி.காம். மூளை!

இன்டீரியர் டிசைனர் ஸ்கூட்டரில் வந்தார். சின்னப் பெண். கையில் கேட்லாக் இல்லை. ஒரு டேப், ஒரு நோட்டு, அவ்வளவுதான்.

"எப்பங்க இடிக்கலாம்?" என்றேன்.

"இருங்கண்ணா, வீட்டை முதல்ல பார்க்கோணும்."

"அதான் பார்த்துட்டீங்களே!"

"காலைல பார்த்தேன். மத்தியானமும் ராத்திரியும் பார்க்கோணுமுங்க."

மத்தியானம் வந்து சுவரை அளந்தார். ஒன்பது இஞ்ச். மேல்தளமே அதன் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறதாம். "இடிக்கலாமுங்க. ஆனா முதல்ல இரும்பு கர்டர் குடுத்து மேலே தாங்கோணும். சீட்டுப் பணம் அதுலயே போயிரும்."

மேற்கு ஜன்னல்? "பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஓசியில உள்ளே வருது. அதை அடைச்சுட்டு ஏ.சி. வாங்கப் போறீங்களா?" ஃபால்ஸ் சீலிங்? சூடு வெளியேறும் வென்டிலேட்டரை அது மூடிவிடுமாம்.

என் முகம் போன போக்கைப் பார்த்து ஒரு கதை சொன்னார். கொழும்பில் ஜெஃப்ரி பாவா என்று ஒருவர். முதலில் வக்கீல், 38 வயதில்தான் ஆர்க்கிடெக்ட் ஆனார். ஒரு சந்தில் வரிசையாக நாலு சின்ன வீடுகள். 1958-ல் மூணாவது வீடு அவர் கைக்கு வந்தது. மற்றவை சேர பத்து வருஷம். ஒன்றை மட்டும் இடித்து மாடி எழுப்பினார். மற்றவற்றை ஒன்றோடு ஒன்று இணைத்து, நடுநடுவே குட்டி முற்றம் விட்டு வெளிச்சத்தை உள்ளே கொண்டுவந்தார். "எதை இடிக்கறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னால, எதை வெச்சுக்கறதுன்னு பார்க்கோணுமுங்க."

ராத்திரி மூன்றாவது விஜயம். டார்ச் அடித்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குச் சற்று மேலே, முன்ரூமிலிருந்து பின்பக்க பாத்ரூம் வரை, ஓர் அழுக்குக் கோடு. "இது யாரு கைங்க?"

"குழந்தையா இருக்கும். பெயிண்ட் அடிச்சாப் போயிடும்."

"இந்த உயரத்துலயா?"

முன்ரூமிலிருந்து அப்பா குரல் வந்தது. "என் கைதான் அம்மிணி."

சர்க்கரையால் அவருக்குப் பார்வை குறைவு என்று தெரியும். ராத்திரி அந்தச் சுவரைத் தடவித் தடவித்தான் பாத்ரூம் போகிறார் என்பது தெரியாது. நானோ அதையே இடிக்க மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்க இருந்தேன்!

"லைட் போட வேண்டியதுதானேப்பா?"

"ஹால்ல கொழந்த தூங்குதில்ல. முழிச்சுக்கும்."

சுவர் அப்படியே நிற்கிறது. பரணில் கிடந்த பழைய தேக்கு நிலையை அறுத்து, கோடு இருந்த இடத்திலேயே கைப்பிடி அடித்தாயிற்று. பாத்ரூம் படியைச் சரிவாக்கி, சொரசொரப்பான தரை போட்டோம். கீழே ஒரு குட்டி நைட் லாம்ப். டி.வி. பழைய ஸ்டாண்டிலேயே இருக்கிறது.

இப்போதெல்லாம் ராத்திரி 2 மணிக்குத் தேக்குக் கட்டையில் அப்பாவின் மோதிரம் 'டக்... டக்' என்று போகும். கொஞ்ச நேரத்தில் 'டக்... டக்' என்று திரும்பி வரும். அதைக் கேட்ட பிறகுதான் நான் புரண்டு படுக்கிறேன்.