மின்வண்டித் தடம் – 9: நடை சாத்திய நேரத்தில் சார்ஜ்

சென்ற வாரம் சென்னை–திருச்சி–மதுரை நெடுஞ்சாலையைப் பார்த்தோம். 2022இல் பாரத் பெட்ரோலியம் 10 பங்க்குகளில் வேக சார்ஜர்களை வைத்துத் தொடங்கிய தடம் அது. நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: அடுத்த சார்ஜர் எத்தனை கிலோமீட்டரில்? ஊருக்குள் திரும்பியதும் வேறு கேள்விகள் வந்துவிடுகின்றன. சார்ஜர் வேலை செய்யுமா? யூனிட் என்ன விலை? சாமி கும்பிட்டு வரும்வரை வண்டியை அங்கேயே விடலாமா? இந்த வாரம் காஞ்சிபுரம்.

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை காஞ்சிபுரத்துக்குள் வருவதில்லை. பொன்னேரிக்கரையிலோ வெள்ளைகேட்டிலோ திரும்பிச் சில கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும். சார்ஜர் வைக்கும் கம்பெனிகள் வண்டி அதிகம் ஓடுகிற நெடுஞ்சாலையைத்தான் முதலில் பார்க்கின்றன. ஆனால் காஞ்சிக்கு வருபவர் நெடுஞ்சாலையில் நிற்க வருவதில்லை. கல்யாணப் பட்டு எடுக்க காந்தி ரோட்டுக்கு வருகிறார். காமாட்சியையும் வரதரையும் ஏகாம்பரநாதரையும் சேவிக்க வருகிறார். வண்டி மணிக்கணக்கில் நிற்கும் இடங்கள் அவைதான்.

உள்ளூர்க்காரர்களின் தேவை வேறு. பிள்ளையார்பாளையத்தில் மின் ஸ்கூட்டர் வைத்திருப்பவர் பொது சார்ஜரைத் தேடி அலைவதில்லை. இரவில் ஜன்னல் வழியே ஒயரை இழுத்துச் சொருகினால் மூன்று, நான்கு யூனிட்டில் காரியம் முடிந்துவிடும். சிக்கல் மாடி போர்ஷனில் குடியிருப்பவருக்கும், மின் ஆட்டோ ஓட்டுபவருக்கும்தான். வீட்டுக்காரர் மீட்டரைக் காட்டித் தயங்குகிறார். வண்டியோ தெருவில் நிற்கிறது. தறியும் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நெசவாளர் தெருக்களில் வண்டி நிறுத்த இடம் எங்கிருந்து வரும்? நாள் முழுக்க ஓடிச் சம்பாதிக்கிற ஆட்டோக்காரருக்குப் பக்கத்தில் நம்பகமான சார்ஜர் இல்லையென்றால் பெட்ரோலும் கேஸும்தான் கதி.

விலையைப் பார்ப்போம். சென்னையிலிருந்து காஞ்சிக்குச் சுமார் 75 கிலோமீட்டர், போய்வர 150. ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறத்தாழ 22 யூனிட் வேண்டும். வீட்டு இணைப்பின் உச்சப் படியில் யூனிட் 11 ரூபாய் சொச்சம் என்று வைத்தாலும் 260 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பொது வேக சார்ஜரில் யூனிட் இருபது ரூபாயைச் சுற்றி இருக்கிறது. மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, சார்ஜ் ஏற்றித் தருவது சேவை என்பதால் 18 சதவீதம் உண்டு. ஆக 500 ரூபாயைத் தாண்டுகிறது. பெட்ரோல் காருக்கு அதே தூரம் ஆயிரம் ரூபாய் ஆகும். லாபம் இருக்கிறது, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் முன்பணம். ஊருக்கு ஒருமுறை வருபவரின் நூறும் இருநூறும் பல வாலட்டுகளில் முடங்கிக் கிடக்கின்றன.

பணம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் சார்ஜர் வேலை செய்ய வேண்டுமே. ஊருக்கு வெளியே ஒரு பங்க்கில் கண்ணால் பார்த்தேன். ஆப்பில் பச்சைக் குறி. இயந்திரத்தின் திரையில் சிவப்பு எழுத்து. பெங்களூரிலிருந்து வந்த குடும்பம் சார்ஜிங் கன்னை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றது. உதவி எண்ணில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே பேசினார்கள். கடைசியில் பக்கவாட்டில் இருந்த சிவப்பு எமர்ஜென்சி பட்டன் உள்ளே அழுந்தியிருப்பதை அங்கு நின்ற ஒரு டாக்சி ஓட்டுநர் கவனித்தார். கடிகார முள் சுற்றும் திசையில் லேசாகத் திருகினார். டக்கென்று வெளியே வந்தது. கன்னைக் கழற்றி மறுபடி மாட்டினார்கள், சார்ஜ் ஏறியது. பங்க் பையன்களுக்கு இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. நாளுக்கு ஒரு வண்டிகூட வராத இயந்திரத்தைப் பற்றி அவர்களாகப் போய் யாரிடம் கேட்பார்கள்?

சிற்றூர் சார்ஜர் படுத்துக்கொள்ளப் பெரிய காரணம் தேவையில்லை. சிம் சிக்னல் போனால் பணம் ஏற்க மறுக்கும். மாலையில் லோ வோல்டேஜ் வந்தால் டிரிப் ஆகும். எர்த் சரியில்லையென்றால் கார் தானே மறுத்துவிடும். பெரும்பாலானவை ஒரு எலக்ட்ரீஷியன் அரை நாளில் சரிசெய்யக்கூடியவை. ஆனால் வண்டி வராத இடத்துக்கு ஆள் அனுப்பக் கம்பெனிக்குக் கட்டுபடியாகாது. ஆள் வராததால் சார்ஜர் கிடக்கும். கிடப்பதைப் பார்த்தவர் அடுத்த முறை வரமாட்டார். 15 கிலோவாட் ‘பாரத் டி.சி.’ இயந்திரங்கள் பல ஊர்களில் தூசி படிந்து நிற்பதற்குக் காரணம் வேறு. இன்றைய கார்களில் உள்ள சி.சி.எஸ்.2 வகைச் சார்ஜிங் வாயில் அந்தக் கன் நுழையாது.

2024 முடிவில் நாட்டில் சுமார் 25,000 பொது சார்ஜிங் நிலையங்கள் இருந்தன. கர்நாடகத்தில் 5,000க்கு மேல். தமிழ்நாட்டில் 1,500 அளவில். இத்தனைக்கும் க்ரெட்டா மின்காரை ஹூண்டாய் தயாரிக்கும் இருங்காட்டுக்கோட்டை இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையைவிட எனக்கு உறுத்துவது வேறு. அறிவிப்புகளெல்லாம் எத்தனை நிறுவினோம் என்பதிலேயே நிற்கின்றன. எத்தனை இன்று ஓடுகின்றன என்பதை யாரும் சொல்வதில்லை. பிரிட்டனில் 2024 நவம்பர் முதல், வேக சார்ஜர் நடத்தும் கம்பெனி ஆண்டு சராசரியில் 99 சதவீத நேரம் தன் சார்ஜர்கள் வேலை செய்வதை உறுதிசெய்ய வேண்டும். தவறினால் அபராதம். 24 மணிநேரமும் இலவச உதவி எண் இருக்க வேண்டும்.

காஞ்சிக்கென்று ஒரு வசதி இருக்கிறது. பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் கோயில் நடை சாத்தினால் நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். வெளியூர்க்காரர்கள் அப்போது சாப்பிட்டுவிட்டுப் பட்டுக் கடையில் உட்காருகிறார்கள். கூறைப்புடவை எடுப்பது அரைமணி வேலையில்லை. மூன்று மணிநேரம் சர்வசாதாரணம். அந்த நேரத்தில் 3.3 கிலோவாட் சாதாரண சார்ஜர்கூடப் பத்து யூனிட் ஏற்றிவிடும். சென்னை திரும்ப அது ஏறக்குறையப் போதும். 7 கிலோவாட் ஏற்கும் காராக இருந்தால் 20 யூனிட்டுக்கு மேல் ஏறும். லட்சக்கணக்கில் விலை போகும் வேக இயந்திரம் ஒன்றை வைத்து அது பழுதாகி நிற்பதைவிட, அதே பணத்தில் ஏழெட்டுச் சாதாரண பாயின்ட்கள் வைக்கலாம். ஒன்று படுத்தாலும் மற்றவை ஓடும்.

விலையும் இதற்குத் தோதாக இருக்கிறது. ஒன்றிய மின் அமைச்சகத்தின் 2024 செப்டம்பர் வழிகாட்டுதல், சூரிய ஒளி கிடைக்கும் காலை 9 முதல் மாலை 4 வரை சார்ஜிங் நிலையங்களுக்கான மின்கட்டணம் சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்காக இருக்கலாம் என்கிறது. மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. நடை சாத்தியிருக்கும் நேரம் முழுக்க அந்த மலிவு நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் அவசரமாக வந்து போகிறவர் எந்நேரமும் வருவார். காஞ்சியின் வாடிக்கையாளர் வெயில் நேரத்தில்தான் வருகிறார்.

காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சியானது. 2019இல் அத்திவரதர் 48 நாள் எழுந்தருளியபோது ஒலிமுகமதுபேட்டையிலும் ஓரிக்கையிலும் தற்காலிகப் பேருந்து நிலையம் அமைத்து வந்த பெருங்கூட்டத்தைச் சமாளித்த ஊர் இது. கோயில்களையும் கடைவீதியையும் சுற்றியுள்ள வாகன நிறுத்தங்களை மாநகராட்சி இனி ஏலம் விடும்போது சில நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும். குறைந்தது இத்தனை சார்ஜிங் பாயின்ட் என்ற கட்டாயம். இரவில் உள்ளூர் ஆட்டோக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் அனுமதி. யூனிட் விலை பலகையில் தமிழில். ஆப் இல்லாதவரும் யு.பி.ஐ.யில் கட்டும் வசதி, தமிழில் பேசும் ஆளின் கைபேசி எண், சார்ஜர் ஓடாத ஒவ்வொரு நாளுக்கும் ஏலதாரரின் வைப்புத்தொகையில் பிடித்தம்.