விசைப்படகின் விளக்கும் பேட்டரியும்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்தும், சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளையை அடுத்த முடசலோடையிலிருந்தும் தொழிலுக்குப் புறப்படும் விசைப்படகு, கரையை விட்டு நீங்கிய கணம் முதல் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கித் தானே சேமித்துக்கொள்ள வேண்டியதாகிறது. படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேன்களில் ஊர் சுற்றுவோர் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவேயாயினும், அவர்களுக்கு வழியில் ஒரு மெக்கானிக் கிடைப்பார். நடுக்கடலில் பேட்டரி இறங்கிவிட்டாலோ செல்ஃப் எடுக்காது, வி.எச்.எஃப். வானொலி பேசாது, ஜி.பி.எஸ். திரை இருண்டுவிடும். ஆகவே படகின் மின்சிக்கனத்தைச் செலவுக் கணக்கு என்பதைவிட உயிர்க்காப்பு என்று கொள்வதே பொருந்தும்.

எஞ்சின் ஓடும்போது டைனமோ பேட்டரியை ஏற்றுகிறது. நங்கூரமிட்டு எஞ்சினை அணைத்தபின் எல்லாச் சுமையும் பேட்டரியின்மேல் விழுகிறது. அறை, சமையலிடம், எஞ்சின் அறை, மேல்தளம் என ஆறு இடங்களில் 21 வாட் இழை பல்புகள் எரிவதாகக் கொண்டால், மொத்தம் 126 வாட். 12 வோல்ட் அமைப்பில் இது ஏறத்தாழ 10.5 ஆம்பியர், பத்து மணி நேர இரவுக்கு 105 ஆம்பியர்-மணி, அதாவது அவ்வளவு மின்னோட்டம் அத்தனை மணி நேரம் பாய்ந்த அளவு. 150 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், நிம்மதியாகச் செலவிடக்கூடியது 75 மட்டுமே. விடியுமுன் அது தீர்ந்துவிடும்.

இழை பல்பு பெறும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போக, எல்.இ.டி. விளக்கில் குறைகடத்திச் சில்லு நீல ஒளியை உமிழ்ந்து, அதன்மேல் பூசிய பாஸ்பர் அந்த ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெண்மையாகத் தெரிகிறது. நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய 21 வாட் பல்பின் வெளிச்சத்தை 5 வாட் எல்.இ.டி. தருவதால், ஆறு விளக்குகளுக்கும் 2.5 ஆம்பியர் போதும். ஓர் இரவுக்கு 25 ஆம்பியர்-மணி. அதே பழைய பேட்டரி இப்போது மூன்று இரவுகளுக்கு விளக்கெரிக்கும். பேட்டரி வாங்குமுன் பல்பை மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வயரில் ஏற்படும் இழப்பையும் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில், பத்து மீட்டர் தொலைவுக்குப் போய்வர 20 மீட்டர் நீளத்தில், 10.5 ஆம்பியர் பாய்ந்தால் சுமார் 2.5 வோல்ட் வழியிலேயே கரைகிறது, 2.5 ஆம்பியர் என்றால் இழப்பு 0.6 வோல்ட்தான்.

வழிகாட்டு விளக்குகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளின்படி இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் எரிய வேண்டும், வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்பு ஒளி குறைவாதலால், அதைச் சிவப்புக் கண்ணாடிக்குள் வைத்தால் மங்கலாகவே தெரியும் என்பதால், சிவப்புக்குச் சிவப்பு எல்.இ.டி.யே பொருத்த வேண்டும். தரமற்ற விளக்கின் உட்சுற்று வானொலியில் இரைச்சலையும் கிளப்பும். விளக்கை ஏற்றியும் அணைத்தும் வி.எச்.எஃப். ஒலியை ஒப்பிட்டுப் பார்த்தால் குற்றம் எங்கே என்பது விளங்கிவிடும். மீனை ஈர்க்க எல்.இ.டி. ஒளி பாய்ச்சுவது வேறு விஷயம். அது 2017 முதல் நாட்டின் தனிப் பொருளாதார மண்டலத்தில் தடை செய்யப்பட்டுள்ளது, தடை நியாயமானதும்கூட.

அடுத்தது பேட்டரி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைந்தது, கொள்ளளவில் 80 விழுக்காடு வரை தரக்கூடியது, பல மடங்கு அதிகமான ஏற்ற இறக்கங்களைத் தாங்குவது. எனினும் அது மின்னோட்டத்தை வேகமாக இழுப்பதால், டைனமோவோடு நேரே இணைத்தால் டைனமோ சூடேறிப் பழுதாகலாம். இடையில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சார்ஜர் அவசியம். குளிர்நாடுகளில் உறைநிலையில் ஏற்றக் கூடாது என்பது இதன் முதல் எச்சரிக்கை. கடலூர்க் கடலில் வெப்பமே பகை, ஆதலால் எஞ்சின் அறைக்கு வெளியே, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஈய-அமில பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் நச்சான குளோரின் வாயு உண்டாகலாம் என்பதையும் படகோட்டிகள் அறிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் பழுது பார்க்கப்படும்போது, பயன்பாடின்றி இறங்கிய ஈய பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்து, மீண்டும் ஏற்ற முடியாதபடி அதைக் கெடுத்துவிடுகிறது. ஆகவே தடைக்காலம் தொடங்கும் நாளிலேயே இணைப்பைக் கழற்றி, டெர்மினலில் பூத்த படிவத்தைத் துடைத்து வாசலின் தடவி, டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்த்து, மாதம் ஒருமுறையேனும் முழுமையாகச் சார்ஜ் செய்து வையுங்கள்.