ஜோம்சோம் விமானம் கிளம்பாத நாளில்

“நூத்தி அஞ்சு ஆயாச்சு. முக்திநாத் ஒண்ணுதான் பாக்கி.” மயிலாப்பூர் மாட வீதிகளில் இந்தப் பேச்சைக் கேட்காத மாதம் கிடையாது. 108 திவ்ய தேசங்களில் திருப்பாற்கடலும் பரமபதமும் பூமியில் இல்லை. 105 இந்தியாவில் இருக்கின்றன. மிஞ்சிய ஒன்றுதான் நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில் இருக்கும் திருச்சாளக்கிராமம் என்கிற முக்திநாத். எழுபத்தொரு வயதில் என் பெரியம்மா அதற்குத்தான் கிளம்பினார். துணைக்கு நான்.

பொக்காரா விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்துப் பார்த்த பிறகு கைப்பையையும் தராசில் வைக்கச் சொன்னார்கள். பெரியம்மா புளிக்காய்ச்சல் டப்பாவை வெளியே எடுத்து வைத்தார். ஆறு மணிக்கு உட்கார்ந்தவர்கள் பதினொரு மணிக்கு எழுந்தோம். அன்றைக்கு விமானம் இல்லை. மறுநாளும் அதே கதை. எங்கள் டூர் மேனேஜர் கவுன்டரில் நின்று, “நேத்து அந்த கம்பெனி போச்சே, நீங்க மட்டும் ஏன் மாட்டேங்கறேள்?” என்று சண்டை பிடித்தார். பெரியம்மா என் காதருகே சொன்னார்: “அந்தப் பிள்ளை பறக்க வேண்டாம்ங்கறான். நாம ஏண்டா பற, பறன்னு சொல்லணும்?”

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது முக்திநாத் போகிறவர்கள் இறங்கும் ஜோம்சோம் ஓடுபாதையைப் பற்றித் தெரிந்தால்தான் புரியும்.

பொக்காரா சுமார் 800 மீட்டர் உயரம். இருபது நிமிடப் பறப்பில் ஜோம்சோம், 2,700 மீட்டருக்கு மேல். நம் மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஜோம்சோமில் முக்கால் கிலோமீட்டர்கூட இல்லை. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. இறக்கைக்குப் பிடிமானம் குறைகிறது, எஞ்சினின் வலு குறைகிறது, அதே விமானம் தரையைத் தொடும்போது இன்னும் வேகமாக ஓடுகிறது. ஒரு கிலோ பெட்டிக்கும் கணக்குப் பார்ப்பது இதனால்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் காற்று. அன்னபூர்ணா, தவளகிரி என்ற இரண்டு எட்டாயிரம் மீட்டர் மலைகளுக்கு நடுவே காளி கண்டகி பள்ளத்தாக்கு ஒரு குழாய் போல இருக்கிறது. வெயில் ஏறி வடக்கே மேட்டுநிலம் சூடானதும் தெற்கிலிருந்து காற்று அந்தக் குழாய்க்குள் பாய்கிறது. முற்பகலுக்குள் அது விமானம் இறங்க முடியாத வேகம் எடுத்துவிடும். அதனால் காலையில் சில மணி நேரம்தான் பறக்க முடியும். விமானிக்கு மலை கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் வழிகாட்ட வேறு ஏற்பாடு இல்லை. இடம் குறுகல் என்பதால் கடைசி நேரத்தில் இறங்காமல் திரும்புவதும் ஆபத்தானது. 2012 மே 14 அன்று அக்னி ஏர் விமானம் ஜோம்சோமில் இறங்க முடியாமல் திரும்பும்போதுதான் மலைச்சரிவில் மோதியது. அதில் இருந்த 21 பேரில் 15 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இந்திய யாத்ரீகர்கள். இதே வழியில் தாரா ஏர் விமானங்கள் 2016 பிப்ரவரியிலும் 2022 மே மாதத்திலும் விழுந்தன. முதலாவதில் 23 பேர், இரண்டாவதில் 22 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. நேபாள விமான நிறுவனங்கள் அனைத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2013-லேயே தடை விதித்தது.

ஆகவே விமானம் ரத்தாவதைச் சேவைக் குறைபாடு என்று நான் சொல்ல மாட்டேன். அது விமானி தன் வேலையை ஒழுங்காகச் செய்ததற்கு அடையாளம். குறைபாடு இங்கே, தி. நகரிலோ அடையாறிலோ பேக்கேஜ் விற்கும் மேசையில் தொடங்குகிறது. ஒருநாள்கூட உபரி வைக்காமல் திட்டம் போடுகிறார்கள். காட்மாண்டுவிலிருந்து திரும்பும் டிக்கெட் கழுத்தை நெரிக்கிறது. அந்த அவசரம்தான் கவுன்டரில் சண்டையாக வெளிப்படுகிறது. 2018 ஜூலையில் கைலாயப் பயணத்தில் இதன் பெரிய வடிவத்தைப் பார்த்தோம். அப்போது சாலையே எட்டாத சிமிகோட், அதற்கு மேலே ஹில்சா, திபெத் பக்கம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மோசமான வானிலையில் மாட்டிக்கொண்டார்கள். இந்தியத் தூதரகம் தமிழ் பேசுகிறவர்களையும் அமர்த்தி உதவி எண் திறக்க வேண்டியதாயிற்று.

முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் போதும். விமானம் கிளம்பாவிட்டால் ஜோம்சோம் கட்டணம் முழுதாகத் திரும்புமா? கூடுதல் இரவுகளுக்கு அறையும் சாப்பாடும் யார் பொறுப்பு? சாலை வழியாக அழைத்துப் போனால் வித்தியாசத் தொகை என்ன ஆகும்? எங்களுக்கு “இயற்கையின் செயல், பணம் திரும்பாது” என்றுதான் பதில் வந்தது. ஆனால் பறக்காத விமானத்தின் கட்டணத்தை வைத்துக்கொள்ள இயற்கையை யாரும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். டிராவல்ஸ்காரரின் அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் சென்னையில் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். எங்கள் பணத்தில் ஒரு பகுதி அந்தக் கட்டத்திலேயே திரும்பியது. தவறவிட்ட இந்திய விமானத்தின் டிக்கெட் ‘நான்-ரீஃபண்டபிள்’ ஆனாலும் வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் கேட்டு வாங்கலாம்.

விபத்து நேர்ந்தால் கிடைக்கும் இழப்பீட்டைப் பற்றியும் கூசாமல் பேச வேண்டும். சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரியால் உடன்படிக்கை உண்டு. நேபாளத்தில் 2018 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆனால் பொக்காரா–ஜோம்சோம் உள்நாட்டுப் பயணம். அதில் உயிரிழப்புக்கு 20,000 அமெரிக்க டாலர்தான் குறைந்தபட்சமாகச் சொல்லப்பட்டு வந்தது. அதை ஒரு லட்சமாக்கும் சட்ட வரைவு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. பல விமானங்கள் சேர்ந்தாலும் இருதரப்பும் ஒரே பயணமாகக் கருதியிருந்தால் அது ஒரே சர்வதேசப் பயணம் என்கிறது உடன்படிக்கை. அதனால் சென்னை முதல் ஜோம்சோம் வரை ஒரே ரசீதில், ஒரே பயணத் திட்டமாக எழுதி வாங்குவது பின்னால் வாதாட உதவும். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

காப்பீட்டில் நேபாளம் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று பாருங்கள். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். காலையில் பொக்காரா, மதியம் முக்திநாத் என்றால் உடம்பு பழக நேரமே இல்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், படுத்தால் மூச்சு வாங்குவது எதையும் பயண அசதி என்று ஒதுக்காதீர்கள். உடனே கீழே இறங்க வேண்டும். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

முக்திநாத் போய்வந்தவர்களுக்கு நம் இந்து சமய அறநிலையத் துறை மானியம் தருகிறது. பயணச் சான்றுகள் கேட்பார்கள் என்பதால் போர்டிங் பாஸ், ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பெரியம்மா மறுவருடம் ஜீப்பில் போனார். பொக்காராவில் இரண்டு இரவு, மார்பா கிராமத்தில் ஒரு இரவு. மார்பாவில் காலை எட்டு மணிக்கு ஒரு குட்டி விமானம் பள்ளத்தாக்கில் ஜோம்சோம் பக்கம் போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்குக் காற்று எழுந்தது. முற்றத்தில் காயப்போட்ட அவர் புடவையை இரண்டு பேர் ஓடிப்போய்ப் பிடித்தோம்.