பாலாற்று முகத்துவாரத்தில் எதை அளப்பது?

ஆறும் கடலும் கலக்கும் முகத்துவாரம் நலமாக இருக்கிறதா என்று அறிய உப்புத்தன்மை, கரைந்துள்ள ஆக்சிஜன், நைட்ரேட், கன உலோகங்கள், சேற்றுப் புழுக்கள், மீன்கள் என்று அளக்கத்தக்கவை ஏராளம். எல்லாவற்றையும் அளக்கப் பணமும் ஆளும் போதாது. அந்த இடத்துக்கு நேர்ந்திருக்கும் கேடு எது என்ற கேள்வியிலிருந்துதான் குறிகாட்டிகளைத் தேர வேண்டும்.

நந்தி மலையில் பிறக்கும் பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளைக் கடந்து வருகிறது. அந்த ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தியது. காஞ்சிபுரத்துப் பட்டுச் சாயக் கழிவும் நகரச் சாக்கடையும் சேரும் வேகவதி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. வயலூர் அருகே ஆறு கடலை அடைகிறது.

சாயக் கழிவையும் தோல் கழிவையும் காட்டிக்கொடுக்கும் எளிய அளவு, நீரில் கரைந்துள்ள மொத்த உப்பு. காஞ்சிபுரத்துக் கிணறுகளில் அது உதவும், முகத்துவாரத்தில் உதவாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும்போது, ஆலை சேர்த்த உப்பு தனியாகத் தெரியாது. அங்கே தேட வேண்டியது தோல் கழிவிலிருந்து வந்து வண்டலில் ஒட்டிக்கொள்ளும் குரோமியம். மண்ணில் இயல்பாகவே ஓரளவு குரோமியம் உண்டு. அதனால் அதே வண்டலின் அலுமினியத்தோடு ஒப்பிட்டுத்தான் கூடுதலாக வந்தது எவ்வளவு என்று கணிக்க முடியும்.

பாலாற்றின் பெருங்குறை நன்னீர் வராததே. ஆண்டின் பெரும்பகுதி ஆறு வறண்டு கிடக்கிறது. நீரோட்டம் குறைந்தால் அலைகள் மணலை ஒதுக்கி வாயை அடைக்கும். கடலில் பிறந்து முகத்துவாரத்தில் வளரும் மடவை, இறால் குஞ்சுகளால் உள்ளே வர முடியாது. ஆகவே ஆண்டில் எத்தனை நாள் வாய் திறந்திருந்தது என்பதையே முதல் குறிகாட்டியாகக் கொள்ளலாம். அதற்கு ஆய்வகம் வேண்டாம். கரையோர மீனவர்களே குறித்துத் தர முடியும்.

ஆக்சிஜன் அளவில் நேரம் முக்கியம். குளிக்கத்தக்க கடலோர நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. பாசி மண்டிய நீர் நண்பகலில் இதை எளிதாகத் தாண்டும். விடியலுக்கு முன் மீன் மூச்சுத் திணறும் அளவுக்கு இறங்கிவிடும். பகலில் மட்டும் எடுத்த மாதிரி ஏமாற்றிவிடும்.

நீரின் அளவுகள் அந்த வேளையைச் சொல்பவை. இடம்பெயராத சேற்றுப் புழுக்களோ பல மாத வரலாற்றைச் சொல்கின்றன. கழிவு மிகுந்த சேற்றில் மற்றவை மடிய, ‘கேப்பிடெல்லா’ என்னும் புழு பெருகும். ஆனால் உப்பு ஏறியிறங்கும் முகத்துவாரத்தில் இயல்பாகவே தாக்குப்பிடிக்கும் உயிர்கள்தான் மிகுதி. அதனால் கழிவு சேராத வேறொரு முகத்துவாரத்தோடு ஒப்பிடாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், ஒவ்வோர் ஆண்டும் அதே இடங்களில், அதே முறையில் மாதிரி எடுத்தால்தான் மழை செய்த மாற்றத்தையும் மனிதர் செய்த மாற்றத்தையும் பிரித்தறிய முடியும்.