உமியும் வினையூக்கியும்

ஜெயங்கொண்டத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் உள்ளன. அக்காலச் சிற்பி மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சூடேற்றுவான். மெழுகு உருகி ஓடும்; எஞ்சிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பான்; பின்னர் மண்ணை உடைத்தெறிவான். வேதியியலறிஞரோ அம்மண்கூட்டையே வேண்டுகின்றனர். அஃது ஏன்?

பிளாட்டினம் போன்ற உலோகங்கள் தாம் குன்றாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் வினையூக்கிகளாகும். வினை நிகழ்வது அவற்றின் மேற்பரப்பில் மட்டுமே. ஆதலால் விலைமிக்க உலோகத்தை நுண்துகளாக்குதல் வேண்டும். துகள்களோ வெப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பயன் இழக்கும். அவற்றைத் தனித்தனியே இருத்த ஓர் உறைவிடம் தேவை.

அதற்குரிய சிலிக்கா நம் நெல்லுமியிலேயே உண்டு. உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும்; அதில் பெரும்பகுதி சிலிக்காவே. சூடு 700 பாகை செல்சியஸைத் தாண்டலாகாது. தாண்டினால் சிலிக்கா படிகமாகி எளிதிற் கரையாது. சாம்பலை எரிசோடாக் கரைசலில் கரைத்துச் சவர்க்காரம் போன்றதொரு பொருளைச் சேர்ப்பர். அதன் மூலக்கூறுகள் நீரில் குழல் குழலாகத் திரளும். அமிலம் சேர்த்தால் சிலிக்கா அக்குழல்களைச் சூழ்ந்து இறுகும். 550 பாகையில் சுட்டால் உள்ளிருந்த பொருள் எரிந்துபோகத் துளைகள் எஞ்சும். இவ்வாறு வார்ப்பு வைத்துத் துளையமைக்கும் முறையை 1992-இல் அமெரிக்காவின் மோபில் நிறுவன அறிஞர் வெளியிட்டனர். அத்தகைய தூள் ஒரு கிராமின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். கால் ஏக்கர் நிலம் ஒரு சிட்டிகைக்குள்!

அத்தூளை உலோக உப்புக் கரைசலில் நனைத்து, உலர்த்தி, ஹைடிரஜன் வாயுவில் சூடேற்றினால், உலோகம் துளைகளில் துகள் துகளாகத் தங்கும். எனினும், கொதிநீராவியில் நெடுநேரம் இருந்தால் அம்மெல்லிய சுவர்கள் இடிந்துவிடுகின்றன. தடித்த சுவர் எழுப்பும் வழிகளையும் ஆய்வாளர் கண்டுள்ளனர்.