நோட்டின் பின்புறம்

பிற மாநிலத்தில் குடியேறிய நம்மவர், அங்குள்ள தெருப் பலகையையும் பேருந்தின் பெயரையும் படிக்க இயலாது சில காலம் திகைப்பது இயல்பு. ஆயினும் நம் பையிலுள்ள ரூபாய் நோட்டு தேசமெங்கும் ஒன்றே. அதில் தமிழும் உண்டு. எவ்விடத்தில் என்று கேட்டால் மட்டும் நம்மில் பலர் சற்றுத் தயங்குவோம்.

நோட்டைப் பின்புறம் திருப்பினால், இடப்பாதியில் 15 மொழிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஆங்கிலப் பெயர்களின் அகர வரிசைப்படி அஸ்ஸாமி முதலிலும் உருது இறுதியிலும் வருகின்றன. தமிழ் 13-ஆவது, கீழிருந்து எண்ணினால் மூன்றாவது. வேறிடத்தில் பெரிதாக அச்சாகும் இந்தியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தால் மொழிகள் 17 ஆகின்றன. இவ்வரிசையில் ஒரு வேடிக்கை: வங்காள வரியில் 'ரூபாய்' என்ற சொல்லே இராது, 'டாக்கா' என்றிருக்கும். கல்கத்தாக் கடைக்காரர் 'டாக்கா' கேட்டால், அவர் கேட்பது நம் ரூபாயைத்தான்.

ஆனால் அந்தி வேளையில், வண்டிக்கடை முன் நின்று இந்தப் பொடி எழுத்தை யார் படிப்பது? தில்லியில் மகன் இல்லத்துக்கு வந்திருந்த அம்மையார் ஒருவரை நாம் அறிவோம். காய்கறி வாங்கி, 20 ரூபாய் என்றெண்ணி 200 ரூபாய் நோட்டை நீட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். இரவில்தான் பிழை புலப்பட்டது. 180 ரூபாய் போனதைக் காட்டிலும், 'இனி அம்மாவைக் கடைக்கு அனுப்பலாகாது' என்று மகன் கருதிவிடுவானோ என்ற அச்சமே அவரைப் பெரிதும் வாட்டியது. மூன்று நாள் அவர் வெளியே செல்லவில்லை.

பிழை அவருடையது மட்டுமன்று. 2017-இல் வெளிவந்த 200 ரூபாய் நோட்டு மஞ்சள். 2019-இல் வந்த புதிய 20 ரூபாய் நோட்டும் பசுமை கலந்த மஞ்சளே. விளக்கொளியில் இரண்டும் உடன்பிறந்தவை போல் தோன்றும். முன்னதில் சாஞ்சி ஸ்தூபம், பின்னதில் எல்லோராக் குகை. படத்தை நோக்க அவகாசமில்லையெனில் அளவை நம்பலாம்: 20 ரூபாய் நோட்டின் நீளம் 129 மில்லிமீட்டர், 200 ரூபாயினுடையது 146. அன்றியும், 200 ரூபாய் நோட்டின் இரு ஓரங்களிலும் விரலுக்குத் தட்டுப்படுமாறு சாய்கோடுகள் மேடாக அச்சிடப்பட்டுள்ளன. 20-இல் அவை இல்லை. 100 ரூபாயில் நான்கு கோடுகள், 500-இல் ஐந்து. கசங்கிய நோட்டில் இம்மேடு தேய்ந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

நோட்டை அறிந்தபின் எஞ்சுவது விலையைச் செவியால் அறிவது. இந்தி வழங்கும் ஊர்களில் 150-ஐ 'டேட் சௌ' என்றும், 250-ஐ 'டாயி சௌ' என்றும் கூறுவர். முன்னது ஒன்றரை நூறு, பின்னது இரண்டரை நூறு. ஒன்றரை, இரண்டரை என்பன நமக்குப் புதியனவல்ல; ஆனால் அவற்றை நூற்றுக்கு முன் வைத்து விலை கூறும் வழக்கம் நம்மிடம் இல்லாமையால், படித்தவரும் முதலில் தடுமாறுவதுண்டு.

நான்காம் நாள் அந்த அம்மையார், ஒவ்வொரு வகை நோட்டையும் தனித்தனியே மடித்துச் சுருக்குப் பையில் இட்டுக்கொண்டு, அதே வண்டிக்குச் சென்று வெண்டைக்காய் வாங்கி வந்தார்.