சீனியாவுக்கு வேண்டியது காற்று

சீனியாவின் தாயகம் மெக்சிக்கோ. கொதிக்கும் பகலும் வறண்ட காற்றும் அதற்குப் பழக்கம். மட்டக்களப்புத் தன்னாமுனையின் சித்திரை வெயிலை அது எளிதில் தாங்கிவிடும். ஆனால் வாவிக்கரை வளவுகளில் காற்றோடு கலந்திருக்கும் ஈரப்பதன் வேறு கதை. செழிப்பாக எழும்பிய கன்று மொட்டு வைக்கும் வேளையில் கீழிலைகள் வெளுத்து, புள்ளி விழுந்து, சுருண்டுவிடும். வெயில் சுட்டுவிட்டது என்று எண்ணி மாலையில் இலை நனைய இன்னும் தண்ணீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும்.

இதே சிக்கல் விண்வெளியிலும் வந்தது. 2015 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ‘வெஜ்ஜி’ வளர்ப்புப் பெட்டியில் சீனியா வளர்க்கத் தொடங்கினார்கள். டிசம்பரில் இலைகளில் நீர் கசிந்து நின்றது; பிறகு பூஞ்சணம் படர்ந்தது. வீரர் ஸ்கொட் கெலி பழுதான பகுதிகளை வெட்டி அகற்றினார். மின்விசிறியின் வேகம் கூட்டப்பட்டது. அட்டவணைப்படி நீர் விடுவதை நிறுத்தி, செடியைப் பார்த்து நீர் விடும் பொறுப்பும் அவரிடம் கொடுக்கப்பட்டது. 2016 ஜனவரியில் செம்மஞ்சள் பூ விரிந்தது.

சீனியாவுக்கு எதிரிகள் இரண்டு வகை. அல்டர்னேரியா என்ற பங்கசும் சாந்தோமோனாஸ் என்ற பற்றீரியாவும் இலைப்புள்ளியை உண்டாக்குகின்றன. இவை ஈரமான இலையில் இறங்கி, மழைத்துளி தெறிக்கும்போது அடுத்த கன்றுக்குத் தாவும். இரண்டாவது வகையான, வெண்மாப் படிவது போன்ற சாம்பல் நோய்க்கு இலை நனைய வேண்டியதில்லை. நெருக்கமும் நிழலும் ஈரமான இரவுக் காற்றும் போதும். அதனால்தான் மழையில்லாத மாதங்களிலும் அது வருகிறது.

மட்டக்களப்பில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை கொட்டிவிடும். மாரி ஓய்ந்ததும், மாசித் தொடக்கத்தில் விதைப்பது நல்லது. ஏறக்குறைய 60 நாளில் பூக்கும் என்பதால் சித்திரைப் புத்தாண்டுக்கு முற்றம் நிறையும். கரையோர மணலில் நீர் நிற்காது, அது நன்மைதான். ஆனால் சத்தும் தங்காது, ஆகவே மக்கிய பசளை கலக்க வேண்டும். விதையை அரை சென்ரிமீற்றர் ஆழத்தில், பூக்க வேண்டிய இடத்திலேயே ஊன்றலாம். சூடான மண்ணில் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு, கன்றுக்குக் கன்று ஓர் அடி இடைவெளி இருக்கும்படி மிகுதியைப் பிடுங்கிவிட வேண்டும். தண்ணீரைக் காலையில், அடியில் மட்டும் விடவேண்டும்.

இன்னொன்று: பகல் குறுகினால் சீனியா விரைந்து பூக்கும். இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். ஆகவே கன்று வளர்ந்து முடியுமுன்னே மொட்டு வைத்துவிடும். நாலு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்துப் பூக்கும்.

சாம்பல் நோயைத் தாங்கும் இனமும் உண்டு. சிறுபூச் சீனியாவான அங்குஸ்டிபோலியா நோய் எதிர்ப்புடையது. அதைப் பெரும்பூச் சீனியாவோடு கலப்பது முதலில் பலிக்கவில்லை: பெரும்பூச் சீனியாவுக்கு 24 நிறமூர்த்தங்கள், சிறுபூச் சீனியாவுக்கு 22, பிறந்த கலப்பினம் மலடாக இருந்தது. நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கியபோது விதை கட்டியது. 1991இல் அதற்கு மேரிலாண்டிக்கா என்று பெயரிட்டார்கள். இன்று சந்தையிலுள்ள ‘ப்ரொபியூஷன்’, ‘சஹாரா’ வகைகளும் இத்தகைய கலப்பினங்களே.

இலைப்புள்ளி நோய்கள் விதையோடும் வரும் என்பதால், புள்ளி விழுந்த கன்றில் விதை எடுக்கக் கூடாது. நோயற்ற கன்றின் பூவைத் தண்டிலேயே கருகவிட்டு, வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் கொய்து நிழலில் காயவைத்தால், அடுத்த மாசிக்கு விதை தயார்.